மாநகராட்சியோடு சேர்ந்தால் தண்ணீர் கூடுமா, குறையுமா?

மேட்டுத்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது கொங்குப் பக்கம் ஓர் ஊராட்சி. ஊர்ப்பெயரும் பக்கத்து மாநகராட்சியின் பெயரும் வேண்டாம், ஊருக்குள் ஏற்கெனவே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளை விரிவாக்கும் அறிவிப்பு வந்ததிலிருந்தே எங்கள் பக்கமும் "அடுத்து நாமதான்" என்று பேச்சு ஓடுகிறது. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும், நிலம் விலை கூடும், இதெல்லாம் டீக்கடையில் பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது, அதை நான் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும்தான் என் கேள்வி.

நிலவரம் இது. எங்களுக்கு இரண்டு தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது, ஒன்றரை மணி நேரம், சில வாரம் ஏழு நாளும் ஆகும். குடிக்க, சமைக்க அது. உப்புத் தண்ணீர் ஊராட்சி போர்வெல்லிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், அது குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. தண்ணீர் திறந்து விடுகிறவர் ஒரே ஆள், டிவிஎஸ் 50-ல் வந்து தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பார், நாங்கள் குடத்தோடு வெளியே வருவோம். மோட்டார் எரிந்துபோனால் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். சட்டையைப் பிடித்துக் கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

தெருக் கடைசியில் பள்ளவாரி ஒன்று ஓடுகிறது. அதைத் தாண்டினால் மாநகராட்சி வார்டு, அங்கே என் அத்தை வீடு. அத்தைக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், அதுவும் நல்ல வேகம், சம்ப் நிறைந்துவிடும். ஆனால் எத்தனை மணிக்கு வரும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ராத்திரி படுக்கப் போகும்போது குழாய்க்கு அடியில் ஒரு சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தை தூங்கப் போவார். தண்ணீர் விழுந்தால் தட்டுச் சத்தம் கேட்டு எழுந்திருப்பார். இரண்டு மணி, மூன்று மணி, எதுவானாலும். குழாய் உடைந்தால் ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும், அவர்கள் ஒரு புகார் எண் கொடுப்பார்கள், எண் வந்துவிடும், ஆள் வருவது அவரவர் அதிர்ஷ்டம்.

ஆக, இந்தப் பக்கம் ஆள் தெரியும், தண்ணீர் குறைவு. அந்தப் பக்கம் தண்ணீர் அதிகம், ஆள் தெரியாது. சேர்த்துவிட்டால் எங்களுக்கு எது வரும்? அவர்களுடைய தண்ணீரா, அவர்களுடைய புகார் எண்ணா?

தலைவரிடம் கேட்கலாம் என்றால் 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் பார்க்கிறார். மார்ச் 22 கிராம சபை தண்ணீர் தினத்துக்கென்றே நடப்பது, அதில் எழுந்து கேட்கலாம் என்றிருக்கிறேன். இப்படிச் சேர்ந்த ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், என்ன கேட்டால் மழுப்ப முடியாமல் பதில் வரும்?

கரிசல்மண் எழுதியது:

எதிர்த்துத் தீர்மானம் போடுங்க சார். சேர்ந்தவன் எவனும் சந்தோஷமாக இல்லை.

இணைந்த வார்டு எழுதியது:

மேலே உள்ளவர் சொல்வது போல அவ்வளவு சுலபமில்லை. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. போடுங்கள், நகலை ஆட்சேபணை மனுவோடு இணைத்துக் கலெக்டருக்குக் கொடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

நான் 2011-ல் சேர்ந்த ஒரு பேரூராட்சிக்காரன். எந்த ஊர் என்று நானும் சொல்லப் போவதில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்தை மட்டும் பெயரோடு சொல்கிறேன். அந்த வருஷம் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. கோவையிலும் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர் மாதிரி பேரூராட்சிகளும் சேர்ந்து வார்டு 100 ஆனது. பழைய நகரத்துக்கு 60, புதிதாக வந்தவர்களுக்கு 40. அப்புறம் 2018-ல் 24 மணி நேரத் தண்ணீருக்கு சூயஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்களே, அது எந்த வார்டுகளுக்கு? அந்தப் பழைய 60-க்கு. சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது அப்போது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பைப் நெட்வொர்க்கும் நீர் ஆதாரமும் வேறு வேறு, அதனால் திட்டமும் வேறு என்பார்கள், அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லைக் கோட்டை அழிப்பது ஒரு அரசாணையில் முடிந்துவிடும். பைப் இருக்கிற கோட்டை அழிக்கப் பத்து வருஷம் போதாது.

எங்கள் ஊரில் நடந்தது: சேர்ந்த முதல் இரண்டு வருஷம் ஒன்றுமே மாறவில்லை, பேரூராட்சி ஆபீஸ் போர்டை மட்டும் மாற்றினார்கள். மூன்றாம் வருஷம் குடிநீர் இணைப்பு டெபாசிட் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ். பேரூராட்சி காலத்தில் எங்கப்பா டெபாசிட் கட்டிய ரசீது மஞ்சள் நிறத்தில் மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்தது, "இதெல்லாம் எங்க ரெஜிஸ்டரில் இல்லை" என்றார்கள். ரெஜிஸ்டர் எங்கே என்றால், பழைய ஆபீஸைக் காலி செய்யும்போது கட்டி வைத்த மூட்டையில் இருக்கும் என்றார்கள். மூட்டையைப் பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டாவது தடவை கட்டினோம். அதனால் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஜல்ஜீவனில், அதாவது கிராமத்து வீடுகளுக்குக் குழாய் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் கொடுத்த இணைப்பு, அதற்கு முன் கொடுத்த இணைப்பு, இரண்டுக்கும் கட்டிய பணம் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுமா? எழுத்தில் வேண்டும். ரசீதை இப்போதே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எல்லோரையும்.

பைப் வருவதற்கு முன்னாலேயே குடிநீர் வரி ஆரம்பிக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று, பத்து வருஷம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்த பைப் நல்ல பைப். முன்பு மாதிரி வாரம் ஒரு உடைப்பு இல்லை. பேரூராட்சியாகவே இருந்திருந்தால் அந்தப் பணம் எங்களுக்கு வந்திருக்காது. இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

குழாய்க்கணக்கு எழுதியது:

தம்பி, கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒன்று. உங்கள் ஊரும் மாநகராட்சியும் தண்ணீரில் ஏற்கெனவே பாதி சேர்ந்துதான் இருக்கிறீர்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் வேறென்ன? ஆறு ஒன்று, சுத்திகரிப்பு ஒன்று, பெரிய பைப் ஒன்று, அதிலிருந்து ஊர் ஊராகக் கிளை. குடிநீர் வாரியம் 1971-ல் வந்ததிலிருந்து இந்த மாநிலத்தில் பாதி வேலை இப்படித்தான் நடந்திருக்கிறது. திருச்சி காவிரியில் எடுக்கிற தண்ணீர் ராமநாதபுரம் போகிறது, வழியில் எத்தனை நகராட்சி, எத்தனை ஊராட்சி, ஒருத்தரும் இன்னொருவரோடு இணையவில்லை. ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ள ஆபீஸை இணைக்க வேண்டியதில்லை. இணைப்பில் கைமாறுவது உங்கள் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற சங்கதி: தொட்டி, வால்வு, தெருப் பைப், போர், ஆள், கடன், கரண்ட் பில்.

அடுத்து அளவு. கிராமத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135. நாலு பேர் வீடு என்றால் 220 லிட்டருக்கும் 540 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், நம் பிளாஸ்டிக் குடத்தில் சொன்னால் 15 குடமும் 36 குடமும். சேர்ந்தால் 36 குடம் வரும் என்று மேடையில் சொல்வார்கள். வராது, உடனே வராது. ஏனென்றால் உங்கள் ஊருக்கு வரும் கிளைப் பைப், தரைமட்டத் தொட்டி, பம்ப் எல்லாம் கிராமக் கணக்கில் போட்டது. பைப்புக்கு முப்பது வருஷம், பம்புக்குப் பதினைந்து வருஷம் என்று பார்த்துப் போடுவோம். அரசாணை வந்த மறுநாள் ஊர் நகரமாகிவிடும், மண்ணுக்குள் கிடக்கிற 90 எம்எம் பைப் 90 எம்எம் ஆகவேதான் கிடக்கும். இன்னொன்று, அந்த 135 சாக்கடையோடு கட்டிய எண். மலம் பைப்பில் ஓட தண்ணீர் வேண்டும், அதற்காக அதிகம். சாக்கடை வராத நகரத்துக்குக் கணக்கு 70 லிட்டர்தான். ஆகவே "எங்களுக்குப் பாதாளச் சாக்கடை எப்போது" என்பதும் தண்ணீர்க் கேள்விதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் ரோடு என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வார்டு மக்களிடம் கேட்டுக்கொள்ளவும், நான் சொல்ல வேண்டாம்.

கிராம சபையில் "தண்ணீர் அதிகம் தருவீர்களா" என்று கேட்டால் "கண்டிப்பாக" என்று பதில் வந்து கூட்டம் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: திட்டத்தில் எங்கள் ஊருக்கு இப்போது ஒதுக்கீடு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர்? போன மாதம் ஊர் எல்லை மீட்டரில் உண்மையில் எவ்வளவு ஏறியது? இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் ஏழு நாள் இருக்கிறது. மீட்டர் ஓடவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், எழுதி வாங்குங்கள். சேர்ந்த பிறகு அந்த ஒதுக்கீடு உங்கள் ஊர்ப் பெயரில் இருக்குமா, இல்லை மாநகராட்சி மொத்தக் கணக்கில் கலந்துவிடுமா? கலந்துவிட்டால் கோடையில் உங்கள் பங்கு எந்தப் பக்கம் திரும்பியது என்று யாருக்கும் தெரியாது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

சரி, நல்லதும் உண்டு. உங்கள் போர் மோட்டார் எரிந்தால் இப்போது என்ன ஆகிறது? கொட்டேஷன் வாங்கி, ஒன்றிய ஆபீஸில் கையெழுத்து வாங்கி, காயில் கட்டி வர ஒரு வாரம். மாநகராட்சியில் ஸ்டோரில் மோட்டார் இருக்கும், மாற்று லாரி இருக்கும், குளோரின் அளவு பார்க்க ஆள் இருப்பார். பெரிய நிர்வாகம் என்பதற்கு அர்த்தம் அதுதான். அப்புறம் எல்லைத் தகராறு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நகராட்சித் தொட்டி வாரம் இரண்டு நாள் நிரம்பி வழியும், முந்நூறு மீட்டர் தள்ளி ஊராட்சித் தொட்டி காய்ந்து கிடக்கும். நடுவில் ஒரு பைப் போட்டால் போதும். நாலு வருஷம் போடவில்லை, ஏனென்றால் ஒன்று நகராட்சி நிர்வாகத் துறை, இன்னொன்று ஊரக வளர்ச்சித் துறை, பைலுக்கு அந்த முந்நூறு மீட்டரைத் தாண்டத் தெரியவில்லை. அந்த இடத்தில் இணைப்பு நடந்திருந்தால் ஒரே மாதத்தில் தண்ணீர் போயிருக்கும். உங்கள் பள்ளவாரிக்கு இரண்டு பக்கமும் தொட்டி எங்கே இருக்கிறது, எது உயரம் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கடைசியாக, போர்வெல்லை விடாதீர்கள். சேர்ந்ததும் "இனி ஆற்றுத் தண்ணீர் வரும்" என்று உப்புத் தண்ணீர் லைனைக் கவனிக்காமல் விடுவார்கள், இரண்டு வருஷத்தில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 2017 கோடையில் சிறுவாணி அடிமட்டத்துக்குப் போனது, 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, அப்போதெல்லாம் ஊரைக் காப்பாற்றியது யார் வீட்டுக் கிணறும் போரும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர் இருக்கிற இடம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நிறைய ஊரில் ஒரு தோட்டக்காரர் வாய்ச்சொல்லில் கொடுத்த இடமாக இருக்கும். ஊராட்சி கேட்டதற்குக் கொடுத்த அவர் மகன், மாநகராட்சிக்கும் கொடுப்பான் என்று சொல்ல முடியாது.

மேட்டுத்தோட்டம் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. போர் இருக்கும் இடம் பற்றி நீங்கள் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் பெரிய போர் அப்படித்தான், என் பங்காளி தோட்டத்து வேலியோரம் இருக்கிறது. அவருக்கும் பழைய தலைவருக்கும் பேச்சு கிடையாது. இவ்வளவு நாள் எப்படித் தண்ணீர் வந்தது என்றே இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

கிழக்கு லேஅவுட் எழுதியது:

எல்லோரும் கிராமத்துப் பக்கமே பேசுகிறீர்கள், லேஅவுட்காரன் ஒருவன் பேசட்டும். நானும் இப்படி ஒரு ஊராட்சி எல்லையில்தான் வீடு வாங்கினேன். 140 வீடு. ஊராட்சித் தண்ணீர் எங்களுக்குப் பெயருக்குத்தான். மாதம் முழுக்க லாரித் தண்ணீர், 12,000 லிட்டர் லாரி வாரம் எத்தனை நடை என்று அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் அதுதான் சண்டை. அந்த லாரி எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதே ஊராட்சியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து. ஊர்க்காரர்கள் தண்ணீர் இல்லை என்கிறார்கள், எங்களுக்கு விற்கவும் செய்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை, தென்னைக்குப் பாய்ச்சுவதைவிட லாரிக்கு ஊற்றினால் காசு.

நாங்கள் இணைப்பை வேண்டும் என்கிறோம். 6,000 பேருக்குத் திட்டம் போட்ட ஊராட்சியில் இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கூட்டத்தை ஒரு ஆபரேட்டரும் ஒரு டிவிஎஸ் 50-யும் தாங்காது. சொத்து வரி ஏறும், தெரியும். லாரிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கரிசல்மண் எழுதியது:

உங்க 140 வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் பில்டரிடம் கேட்டிருக்க வேண்டும் சார். ஊரைக் கொண்டுபோய் மாநகராட்சியில் சேர்ப்பது எங்கள் தலையில் ஏன்?

கிழக்கு லேஅவுட் எழுதியது:

பிளான் அப்ரூவல் கொடுத்து, கட்டணம் வாங்கி, வீட்டு வரி ரசீதும் கொடுத்தது ஊராட்சி. அப்போது நாங்கள் ஊர்க்காரர்களாக இருந்தோமே.

கடைசிக் குழாய் எழுதியது:

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மேட்டுத்தோட்டம் அண்ணா, உங்கள் பதிவில் ஒரு வரி என்னை உறுத்தியது. "ஆள் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு ஆள் தெரியும்?

எங்கள் காலனி லைனின் கடைசி. எங்கள் ஊரிலும் ஆபரேட்டர் வண்டியில் வந்து ஹாரன் அடிப்பார், ஊருக்குள். காலனிக்கு ஹாரன் கிடையாது. ஊர்த் தெருவில் எல்லோரும் பிடித்து முடித்து, குழாயில் டியூப் போட்டு வாசலுக்கு அடித்து, மாட்டுத் தொட்டி நிரம்பிய பிறகு மிச்சம் எங்களுக்கு ஒழுகும். அதிலும் பாதி வீடுகளில் தரைக்குக் கீழே குழி தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி வைத்துத்தான் பிடிப்போம். அம்மா குழிக்குள் இறங்கி ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார், ஒரு குடம் நிறைய இருபது நிமிஷம். இதை யாரிடம் கேட்பது? ஆபரேட்டரிடம் கேட்டால் "மேலே சொல்லுங்க" என்பார். மேலே என்றால் தலைவர், தலைவரிடம் கேட்க அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உங்களுக்கு அவர் வீட்டுக்கே போய்க் கேட்பது சுலபம் அண்ணா. எங்கள் அப்பா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்.

நான் இப்போது ஒரு மாநகராட்சி வார்டில் வாடகைக்கு இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தண்ணீர். தட்டுச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறோம். ஆனால் எல்லா வீட்டிலும் எழுந்திருக்கிறார்கள். புகார் எண் கொடுக்கும்போது எந்தத் தெரு என்று மட்டும்தான் கேட்கிறார்கள், வேறு எதையும் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, கவுன்சிலர் வீட்டுத் தெருவுக்கு இரண்டு முறை வருகிறது, அதுவும் தெரியும். ஆனாலும் எனக்கு அந்தப் புகார் எண் பிடித்திருக்கிறது.

கிராம சபையில் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் ஊர்க் கடைசிக் குழாயில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று முதலில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

வால்வுக்காரர் மகள் எழுதியது:

அப்பா ஒரு ஊராட்சியில் 19 வருஷமாக டேங்க் ஆபரேட்டர். மேலே அந்த அண்ணன் எழுதியதைப் படித்து அப்பாவிடமே கேட்டேன். "காலனிக்குக் கடைசியில்தான் போகும், லைன் அப்படி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "வால்வைத் திருப்பி வைத்தால் முதலில் போகும்தான்" என்றார். அதற்குமேல் அப்பா பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபரேட்டர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பைப் எங்கே போகிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. அப்பாதான் வரைபடம். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு இரும்புக் கம்பி ஒன்றை வால்வு மேல் நிறுத்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார், எங்காவது ஒழுகினால் ஸ்ஸ் என்று கேட்குமாம். ரேஷன் கடைக்கு எதிரில் ஒரு வால்வு தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது, போர்டு ஸ்கூல் சுவரிலிருந்து எட்டுக் காலடி வைத்தால் அந்த இடம் என்று அவருக்குத்தான் தெரியும். பக்கத்து ஊராட்சி ஒன்றை நகராட்சியோடு சேர்த்தபோது இதே வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். பழைய ஆபரேட்டருக்கு வயதாகிவிட்டது என்று எடுக்கவில்லை. அடுத்த கோடையில் ஒரு உடைப்பைக் கண்டுபிடிக்க ஐந்து இடத்தில் தோண்டினார்கள். கடைசியில் அந்தப் பெரியவரைத்தான் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார்களாம், அவர் வந்து காலால் ஒரு இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சேர்ந்தால் ஆபரேட்டருக்கு வேலை உண்டா, யாரிடம் சம்பளம், இதையும் உங்கள் லிஸ்டில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா.

குழாய்க்கணக்கு எழுதியது:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. நாங்கள் திட்ட வரைவில் போட்ட வரைபடமும் மண்ணுக்குள் இருப்பதும் ஒன்றில்லை, அது எங்களுக்கும் தெரியும். காலனித் தம்பி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. லைனின் கடைசியில் பிரஷர் குறையும் என்பது இயற்பியல். ஆனால் லைன் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்தது இயற்பியல் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட வரைபடங்களிலும் அப்படிச் சிலது இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டி வைத்த பணம், வேறெதற்கும் எடுக்கக் கூடாது. அது உங்கள் ஊர்க் கணக்கில் வந்து உங்கள் ஊரில் செலவாக வேண்டும். மாநகராட்சிக்கும் மானியம் உண்டு, அம்ருத் மாதிரி நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டமும் உண்டு, தொகையும் பெரிது. ஆனால் அது எந்த வார்டில் செலவாகும் என்பது மன்றத்தில் முடிவாகும், அங்கே உங்கள் ஊருக்கு ஒரு கவுன்சிலர் இருப்பார், சில சமயம் இரண்டு ஊருக்குச் சேர்த்து ஒருவர். ஊராட்சிக் கணக்கில் இப்போது மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். மிச்சம் இருந்தால் இணைப்புக்கு முன் அதை மீட்டருக்கும் வால்வுக்கும் செலவழிக்கச் சொல்லுங்கள்.

மேட்டுத்தோட்டம் எழுதியது:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். கடைசிக் குழாய் தம்பி எழுதியதைப் படித்ததும் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் அப்படி இல்லை என்று பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விட்ட நேரம் எங்கள் ஊர்க் காலனிக் கடைசிக் குழாய்க்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டி "என்னங்க சாமி, ஓட்டா?" என்று கேட்டது. ஒரு குடத்துக்குப் பதினேழு நிமிஷம். எங்கள் வீட்டில் ஒன்றரை.

அதன் பிறகு ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் அவர் சொல்லச் சொல்ல வரைந்தோம். மொத்தம் பதினோரு வால்வு. இரண்டு தாருக்கு அடியில். காலனிக்குப் பிரியும் வால்வு திறந்துதான் இருக்கிறது, ஆனால் தண்டு வளைந்துபோய் நாலு சுற்றுக்குமேல் திரும்புவதில்லை. "மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சுங்க" என்றார். மோட்டார் ரூம் நோட்டில் பார்த்தேன், எழுதியிருக்கிறார், தேதியோடு. முதல் தேதி நான் ஊரில் இல்லாத வருஷம்.

பள்ளவாரிக்கு அந்தப் பக்கம் மாநகராட்சித் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் தொட்டியைவிட மேடு. எங்கள் லைனுக்கும் அதற்கும் நடுவில் நடையில் அளந்தால் இருநூறு மீட்டர் இருக்கும், ஐயா சொன்ன முந்நூறுகூட இல்லை. ஆபரேட்டர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தை வீட்டில் காபி குடித்தோம், திண்ணையில் தட்டு கவிழ்ந்து கிடந்தது.

சேரலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பங்காளியிடம் போர் இடத்தைப் பற்றிப் பேச அப்பாவை அனுப்பியிருக்கிறேன், திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்தால் நல்ல சேதி இல்லை. கிராம சபையில் இரண்டு எண்களைக் கேட்கப் போகிறேன், ஒதுக்கீடு எவ்வளவு, மீட்டரில் எவ்வளவு. மூன்றாவதாக அந்த வால்வு. புது வால்வு விலை விசாரித்தேன், கடைக்காரர் எத்தனை இஞ்ச் என்று கேட்டார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக் காலையில் ஆபரேட்டர் மண்ணைத் தோண்டி அளந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.